கிறுகி இருங்க

வந்தாறுமூலையில் எங்கள் மண்டபத்து வாங்குகள்
நிலத்தோடு ஆணி அடித்தவை.
முன்னுக்கு மட்டும் பார்க்கச் செய்தவை.
கட்டினவர் நினைத்திருப்பார்:
பேசுகிற ஆள் ஒன்று, எழுதுகிற ஆள் நூறு.

அதற்குள் போய் நான் சொன்னேன்,
ஐந்தைந்து பேராய்க் கிறுகி இருங்க.

இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
கொப்பி மடியில்.
"ஆரோட மிஸ்?"
"நான் எழுதின ஆளோட."

கூட்டாளிமாரைப் பிரித்த பாவம் சும்மா விடவில்லை.
ஒரு கிழமை முழுக்க அறை வாசலில் முறைப்பாடு.
பட்டியல் பட்டியல்தான் என்றேன்.
மூன்றாம் குழு:
ஓட்டமாவடி இஃப்ராஸ், நிந்தவூர் ஸஹ்லா,
மகிழடித்தீவு கேதுசன், அம்பாறை டவுன் செனுரி,
வாகரைத் தவநிலா.

முதலில் தனித்தனியே பத்துக் கேள்வி.
மறுகா அதே பத்தும் குழுவாய்.
விடை அட்டை நானே செய்தது:
செங்கலடியில் வாங்கின வெள்ளிப் பெயின்ற்,
பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம்,
குசினி மேசையில் இரவு பன்னிரண்டு வரை.
லொத்தர் மாதிரிச் சுரண்ட வேணும்.
நட்சத்திரம் முதலாவதில் வந்தால் நாலு,
இரண்டாவதில் இரண்டு,
மூன்றாவதில் ஒன்று.

ஏழாம் கேள்வி.
வாவிக்கரை வயல். சிறுபோகம் முடிய
மண்ணுக்கு மேல் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது.
முதலில் என்ன செய்வீர்?

மண்டபம் ஏறாவூர்ச் சந்தையானது.
"ஜிப்சம். ஜிப்சம்தான். நோட்ஸில இருக்கு."
அது இஃப்ராஸ்; மூன்று வாங்கு தாண்டியும் கேட்கும்.
செனுரி சிங்களத்தில் எதையோ கேட்க
ஸஹ்லா பாதியை வாயால் சொன்னாள், மீதியைக் கையால்.
கேதுசன் தலையாட்டினான்.
"வாய்க்கால வெட்டாட்டி உப்பு எங்க போற?"
தவநிலா, கொப்பியைப் பார்த்தபடி.
நான் பக்கத்தில்தான் நின்றேன்.
வாய் திறக்கக் கூடாது என்பது
நான் எனக்குப் போட்ட விதி.

ஐந்து ரூபாய்க் குத்தியால் சுரண்டினார்கள்.
வெறுமை.
இன்னொன்று. வெறுமை.
மூன்றாவதில் நட்சத்திரம்:
வடிகாலைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவு.

ஆரோ அவளுடைய தனித்தாளை இழுத்துப் பார்க்க,
ஏழுக்கு நேரே வட்டம், சரியான இடத்தில்.
"ஏங்கா சொல்லல்ல?"
"ரெண்டு தரம் சொன்னன்."
மேலே ஃபேன் சுற்றியது.
அதைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை,
எனக்கும்தான்.

தவணை முடிவில் ஆளுக்காள் புள்ளி போட வேணும்.
நாலு பேருக்கு நாற்பது.
எல்லாருக்கும் பத்துப் போட ஏலாது.
பெயர் வேண்டாம், காரணம் ஒரு வரி.

இரவிருந்து எக்செலில் கூட்டினேன்.
முதலாம் குழு: நாற்பது, நாற்பது, நாற்பது,
நாற்பது, நாற்பது.
இரண்டாம் குழுவும் அப்படியே.
ஒருவருக்குப் பதினொன்று, ஒருவருக்கு ஒன்பது,
வட்டமாய்ச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.
கன்டீனில் பிளேன்ரீ ஆற ஆற
இருந்து கீறியிருப்பார்கள் அந்த வட்டத்தை.
கோபம் வந்தது. மறுகா சிரிப்பு.
தவணை முழுக்க நான் கேட்ட கூட்டுவேலையை
எனக்கு எதிராகத்தான் ஒழுங்காய்ச் செய்திருந்தார்கள்.

மூன்றாம் குழுவில் மட்டும்
வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தது.
தவநிலா நாற்பத்தொன்று. கேதுசன் முப்பத்தொன்பது.
ஒரு பதினொன்றுக்கு நேரே, பச்சை மையில்:
ரெண்டு தரம் சொன்னா. நான் கேக்கல்ல.
பெயர் இல்லை.
எழுத்தும் சத்தமாய்த்தான் இருந்தது.

புள்ளி ஒட்டின அன்று கேதுசன் வந்தான்.
"மிஸ், எனக்கு ஒண்டு குறையுது."
"எத்தனை வர வேணும் என்று
உமக்கு எப்படித் தெரியும்?"
வாய் திறந்தான். மூடினான்.
கிறுகிப் போனான்.

வெளியே நாலு பேர் அவனுக்காக நின்றார்கள்.
மூன்று பேர் என்னவென்று கேட்டார்கள்.
இஃப்ராஸ் மட்டும் அறிவித்தல் பலகையில்
போன வருட நேர அட்டவணையை
வாசித்துக்கொண்டிருந்தான்.